பெயரோடு வரைபடத்தையும் கொடுங்கள்

பழைய கிட்டார் ஆம்ப் பெயர்களை வாங்கி மறுபடியும் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம்ங்க.

பள்ளிபாளையத்தில் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஈரோடு. அப்பா வால்வு ரேடியோ மெக்கானிக், கடை அவர் தொடங்கியது. மைக் செட்காரர்கள், மெல்லிசைக் குழுக்காரர்கள், சர்ச்சில் வாசிக்கும் பையன்கள் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருவார்கள். மாசி, பங்குனி வந்துவிட்டால் ஊருக்கு ஊர் மாரியம்மன் நோம்பி, அதாவது திருவிழா. அந்த இரண்டு மாதமும் எனக்குக் கடையில்தான் படுக்கை.

நீங்கள் செய்வது நல்ல காரியம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1968ல் வால்கோ கம்பெனி மூடியபோது அதோடு போன சுப்ரோ என்ற ஆம்ப் பெயர் திரும்பி வந்துவிட்டது. இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்டில் டாம் ஜென்னிங்ஸ் தொடங்கிய வாக்ஸ், பல கை மாறி 1992ல் கோர்க் நிறுவனத்திடம் சேர்ந்தது. அதன் ஏசி30 ஆம்ப் இன்றைக்கும் புதிதாகக் கிடைக்கிறது. எல்லாவற்றையும் விட மேக்னடோன் திரும்பியதில்தான் எனக்குச் சந்தோஷம். பல பழைய ஆம்ப்களில் வைப்ரட்டோ என்று எழுதியிருக்கும் குமிழைத் திருகினால் சத்தம்தான் கூடிக் குறையும். மேக்னடோனில் சுருதியே அசையும். தன் மேல் விழும் மின்னழுத்தத்துக்கு ஏற்பத் தடையை மாற்றிக்கொள்ளும் வாரிஸ்டர் என்ற பாகத்தை வைத்து 1950களிலேயே இதைச் செய்துவிட்டார்கள். நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த வித்தியாசம் உடனே பிடிபடும். ஒரே ஸ்வரத்தைப் பலமாகவும் மெதுவாகவும் ஊதுவது வேறு, கமகம் வேறு அல்லவா?

அப்படிப்பட்ட பெயர்கள் செத்துப்போகாமல் காப்பாற்றியிருக்கிறீர்கள். பெட்டியின் துணி, குமிழ், எழுத்து எல்லாம் பழையபடியே இருக்கின்றன. ஆனால் என் கடைக்கு வருகிற புதுத் தயாரிப்புகளில் சர்க்யூட் வரைபடம் மட்டும் கூட வருவதில்லை.

போன தை மாதம் கோபிச்செட்டிபாளையம் பக்கத்து மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கும் தம்பி ஒருவர் ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்று வருடம் பணம் சேர்த்து வாங்கியது. ஒரு நோம்பிக் கச்சேரியில், ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தபோது பாட்டின் நடுவே புகை வந்து நின்றுவிட்டது. ஜெனரேட்டர் 260 வோல்ட் தள்ளினால், ஆம்ப்புக்குள் வால்வைச் சூடாக்கும் ஹீட்டருக்கு 6.3 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 7ஐத் தாண்டிவிடும். மற்ற அழுத்தங்களும் அதே கணக்கில் ஏறும். பவர் வால்வு ஒன்று ஷார்ட் ஆகி, கூடவே இரண்டு ரெசிஸ்டரையும் போர்டில் ஒரு தடத்தையும் கருக்கிவிட்டது. ஸ்பீக்கருக்குச் சத்தத்தை அனுப்பும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் போய்விட்டது. (பழைய ஏசி30ன் பின்பக்கம் வரும் வோல்ட்டுக்கு ஏற்ப மாற்றி வைக்க வோல்ட்டேஜ் செலக்டர் ஒன்று இருக்கும். அது எங்கள் ஊருக்கு எவ்வளவு தேவை என்று அன்றைக்குத்தான் நினைத்தேன்.)

கருகிய ரெசிஸ்டரின் மதிப்பைக் கேட்டு அந்தக் கம்பெனிக்கு எழுதினேன். வரைபடம் வெளியே தருவதில்லை, போர்டு முழுவதையும் மாற்றிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. அவர்கள் சொன்ன விலைக்கு அந்தத் தம்பி ஒரு நோம்பி சீசன் முழுக்க வாசிக்க வேண்டும். எரிந்த ரெசிஸ்டர்களின் விலை ஒரு டீக்குக்கூட ஆகாது.

இது என் ஒருவனுடைய வயிற்றெரிச்சல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். உங்கள் துறையின் வரலாற்றையே பாருங்கள். லண்டன் ஹான்வெல்லில் டிரம் கடை வைத்திருந்தவர் ஜிம் மார்ஷல். 1962ல் அவரும், அவர் கடையில் பழுது பார்த்துக்கொண்டிருந்த கென் பிரானும், டட்லி கிரேவன் என்ற இளைஞரும் சேர்ந்து அமெரிக்க ஃபெண்டர் கம்பெனியின் பாஸ்மேன் ஆம்ப் சர்க்யூட்டை வைத்துத்தான் ஜேடிஎம்45 என்ற ஆம்ப்பைச் செய்தார்கள். பிற்பாடு அமெரிக்க வால்வு இருந்த இடத்தில் பிரிட்டிஷ் கேடி66 வால்வு வந்தது. பாஸ்மேனைத் திறந்து, படித்து, புரிந்துகொள்ள முடிந்ததால்தான் மார்ஷல் என்ற பெயரே ஆம்ப் உலகத்துக்கு வந்தது.

எங்கள் பக்கமும் அப்படித்தான் வளர்ந்தது. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்துவிட முடியும் என்று 1941ல் அறிவித்த ஜி.டி. நாயுடுவின் ஊர் கோவை. பம்பும் மோட்டாரும் செய்து பெரிதான ஊர் என்பதால், கொங்கு நாட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை இல்லாத கடைவீதியைப் பார்ப்பது கஷ்டம். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை அவர்களால் கட்ட முடியும். கம்பி என்ன கேஜ், எத்தனை சுற்று, பிரைமரி, செகண்டரி என்ற இரண்டு காயிலையும் எந்த வரிசையில் மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்பது தெரிந்தால் போதும். வரிசை தப்பினால் ஆம்ப் பாடும், ஆனால் மேல் ஸ்தாயி மங்கிப்போகும். அப்புறம் அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்?

உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது, ஆபத்து, அதனால்தான் தருவதில்லை என்பீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கன்டன்சரில் கரண்ட் நிற்கும் என்பது எங்களுக்கும் தெரியும். அப்பா எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே அதை எப்படி இறக்குவது என்பதைத்தான். எங்கே எவ்வளவு வோல்ட் என்று தெரியாமல் கை வைப்பதுதான் பெரிய ஆபத்து.

ஆம்ப்போடு வரைபடத்தை ஒரு தாளில் வையுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் காயில் கணக்கையும் அதிலேயே போட்டுவிடுங்கள். உங்கள் பெயரைப் பார்த்து நகல் செய்பவன் எப்படியும் பிரித்துப் பார்த்துச் செய்துவிடுவான். தாள் இல்லாமல் திணறுவது காசு கொடுத்து வாங்கியவரும் அவருடைய மெக்கானிக்கும்தான்.

அந்தத் தம்பியின் ஆம்ப் இன்னும் என் மேஜையில் இருக்கிறது. போர்டைத் திருப்பி வைத்து, தடம் தடமாகப் பின்தொடர்ந்து, வரைபடத்தை நானே போட்டிருக்கிறேன். ஏழு இரவு ஆனது. கருகிய இடத்தில் இரண்டு ரெசிஸ்டரின் மதிப்பு மட்டும் காலியாக இருக்கிறது. பங்குனியில் அவருக்கு ஒன்பது ஊரில் கச்சேரி. மற்றதை மெதுவாக யோசியுங்கள், இந்த இரண்டு எண்ணை மட்டும் உடனே எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பள்ளிபாளையத்து ஆம்ப் மெக்கானிக்