கடைவாய்ப் பல்லும் குன்யாவும்

யாங்கோன்

அன்புள்ள சுப்பையா,

கடிதம் கிடைத்தது. பேத்தி பத்தாம் வகுப்பு தேறியதில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். மோல்மேனில் மழை பிடித்துக்கொண்டதாக எழுதியிருக்கிறாய், இங்கும் அதே கதைதான்.

நீ கேட்டிருந்த பல் விஷயத்துக்கு வருகிறேன். கீழ்க் கடைவாய்ப் பல் பாதிக்கு மேல் சொத்தை, சீழும் கட்டியிருக்கிறது, அடைத்தும் பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டால் எடுத்துவிடு. கடையில் அமாக்ஸிசிலின் என்கிற கிருமிக்கொல்லி மாத்திரை வாங்கி விழுங்கினால் வீக்கம் வடியலாம். ஆனால் பல் அப்படியே இருந்தால் மறுபடியும் வரும்.

தாடையின் உள்பக்கம், நரம்பு எலும்புக்குள் நுழைகிற இடத்தில், மரத்துப்போக வைக்கும் லிக்னோகைன் ஊசி போடுவார்கள். ஐந்து நிமிஷத்தில் அந்தப் பக்கத்துக் கீழுதடு மரத்துப் போகவேண்டும். போகவில்லை என்றால் மருந்து நரம்பைச் சேரவில்லை, கூச்சப்படாமல் சொல். மரத்த பிறகும் அழுத்தம் தெரியும், வலிதான் தெரியக்கூடாது. ஈறை விலக்கி, நெம்பி அசைத்து, அப்புறம்தான் கொறடு. பிடித்து இழுப்பதெல்லாம் இல்லை. கன்னப்பக்கமும் நாக்குப்பக்கமுமாக ஆட்டி எலும்புக்குழியை அகலமாக்குவதுதான் வேலை. அந்தப் பல்லுக்குப் பெரும்பாலும் இரண்டு வேர். சொத்தையில் மேல்பாகம் நொறுங்கினால் வேர்களைப் பிளந்து தனித்தனியாக எடுப்பார்கள். நறுக்கென்று சத்தம் கேட்டால் தாடை போச்சு என்று அலறாதே!

உன் விஷயத்தில் எனக்குக் கவலை குன்யாதான், பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் வைத்து நீ மெல்லும் அந்த பர்மிய வெற்றிலை மடிப்பு. மூன்று விரலைச் சேர்த்து, ஒன்றின்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பார். நுழையவில்லை என்றால், பாக்கு கன்னத்தின் உட்தோலை நார்நாராக இறுக்கியிருக்கலாம். கொறடு உள்ளே போக இடம் இருக்காது. அப்படியானால் சின்ன கிளினிக்கில் ஆரம்பிக்க வேண்டாம், இங்கே பல் மருத்துவப் பல்கலைக்கழக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடு.

எடுத்ததும் பஞ்சுத்துணியை அரைமணி நேரம் அழுத்திக் கடி. குழியில் உறையும் ரத்தம்தான் உனக்கு மருந்து. துப்பினாலும், உறிஞ்சினாலும், அன்றே கொப்பளித்தாலும் அது பெயர்ந்துவிடும். வெற்றிலைக்காரனுக்கு நாள் முழுக்கத் துப்பியே பழக்கம், எச்சிலை விழுங்கு. புகையிலையும் சுண்ணாம்பும் ஒரு வாரமாவது வாயில் படக்கூடாது. மறுநாளிலிருந்து ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு, மெல்லச் சாய்த்து வெளியே விடு. மீன் குழம்பு நூடுல்ஸான மொஹிங்காவை ஆறவைத்துச் சாப்பிடலாம், மிளகாய் வேண்டாம், மேலே தூவும் பருப்பு வறுவலும் வேண்டாம்.

முதல் நாள் வலிக்கு 500 மில்லிகிராம் பாராசிட்டமால் இரண்டு, ஆறு மணிக்கொரு முறை. நாளொன்றுக்கு எட்டுக்கு மேல் கூடாது. குறைந்த வலி மூன்றாம் நாள் திரும்பி, காதுவரை இழுத்து, வாயும் நாறினால் ரத்தக்கட்டி போய் எலும்பு வெளியே தெரிகிறது. டாக்டர் குழியைக் கழுவி கிராம்பெண்ணெய் மருந்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் தணியும். நீயாகக் கிராம்பெண்ணெயை ஊற்றாதே, ஈறு வெந்துவிடும்.

இதயத்துக்குச் சாப்பிடும் ஆஸ்பிரினை நீயாக நிறுத்தவேண்டாம், டாக்டரிடம் சொன்னால் போதும். சர்க்கரை மாத்திரையும் காலைச் சாப்பாடும் வழக்கம்போல; வெறும் வயிற்றோடு போய் உட்காராதே. மூன்று வாரம் கழித்தும் குழி ஆறாமல் விளிம்பு தடித்திருந்தால் ஒரு நாளும் தள்ளாமல் காட்டு. பாக்கும் புகையிலையும் போட்ட வாயில் அது புற்றாகவும் இருக்கலாம்.

எத்தனை விரல் நுழைந்தது என்று உடனே எழுது.

அன்புடன்,
ராமு