பிரதமர் பேச்சைக் கேட்டேன் தம்பி

தம்பி,

நல்லா இருக்கியா, மெல்பர்ன்ல இன்னும் குளிர் விடலைன்னு சொன்ன, நேரத்துக்கு சாப்பிடு. ஞாயித்துக்கிழமை நம்ம சிங்கப்பூர் பிரதமர் லாரன்ஸ் வோங்கோட தேசிய தினப் பேரணி உரைய முழுசா உக்காந்து பாத்தேன், முதல்ல மலாய், அப்புறம் மாண்டரின், அப்புறம் இங்கிலீஷ். நீ என்னடான்னா "வருஷா வருஷம் ஒற்றுமைன்னு தானேம்மா சொல்றாங்க"ன்னு மெசேஜ் போட்டுட்ட. போன்ல சொன்னா பாதியில வேலை இருக்குன்னு வச்சிருவ, அதான் எழுதுறேன்.

ஏஐ வந்து வேலை போயிருமோங்கற பயம், வேப்ங்கற மின்சிகரெட் புகைக்கிற பிள்ளைங்க, வயசானவங்களுக்கு என்ன செய்யப் போறாங்கன்னு நிறைய சொன்னாரு. ஆனா எனக்கு மனசுல நின்னது, நான் என்னோடதுன்னு மட்டும் பாக்காம எல்லாரையும் சேத்து முதல்ல நினைக்கணும், இல்லேன்னா இந்த நாடு தாங்காதுன்னு சொன்னது தான். உனக்கு அது வெறும் பேச்சு. உங்க பாட்டிக்கு அப்படி இல்லப்பா. 1964 ஜூலையில சீனவங்களுக்கும் மலாய்க்காரங்களுக்கும் நடந்த கலவரத்துல 23 பேர் செத்தாங்க, செப்டம்பர்ல திரும்பவும் நடந்து இன்னும் 13 பேர், ஊரடங்கு போட்டு வெளிய தலை காட்ட முடியாம கிடந்ததை அவங்க சாகுற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாங்க. அதுக்கு ரெண்டே வருஷத்துல, 1966ல, யாழ்ப்பாணத்துல பொறந்த நம்ம அமைச்சர் ராஜரத்னம் எழுதினது தான் நீ ஸ்கூல்ல தினமும் கைய நெஞ்சுல வச்சு சொன்ன உறுதிமொழி. இனம், மொழி, மதம்னு அதுல சும்மா வரிசையா போடல தம்பி, அவரு அதையெல்லாம் கண்ணால பாத்துட்டு எழுதினது.

அதோட பேச்சோட மட்டும் நிக்கல. 1989ல இருந்து வீவக, அதான் அரசாங்க வீடமைப்புக் கழகம், கட்டின புளோக்ல ஒவ்வொரு இனத்துக்கும் இத்தனை வீடு தான்னு கணக்கு வச்சாங்க, அதனால தான் நீ எதுத்த வீட்டு சீன ஆன்ட்டி கிட்டயும் மேல் வீட்டு மலாய் மக்சிக் கிட்டயும் வளந்த, நோன்புப் பெருநாளுக்கு ரெண்டாங்க் கறி வந்துச்சு, தீபாவளிக்கு நம்ம முறுக்கு போச்சு. அதுக்கு ஒரு விலையும் இருக்கு. சீனவங்க கணக்கு நிறைஞ்ச புளோக்ல இந்தியரோ மலாய்க்காரரோ வீட்ட விக்கணும்னா சீனவங்களுக்கு விக்க முடியாது, வாங்குற ஆளு குறைவு, விலையும் குறையும். ரொம்ப கஷ்டப்படறவங்க வீட்டை வீவகவே வாங்கிக்க 2022ல வழி பண்ணாங்க, அது நல்லது. ஒற்றுமைக்காக சிறுபான்மைக்காரன் இப்படி கொஞ்சம் கூடுதலாவே கொடுத்திருக்கான், அதை சொல்லாம ஒற்றுமைய பத்தி பேசக்கூடாதுன்னு நான் நினைக்கிறேன்.

உன் கூட்டாளி, தஞ்சாவூர்ல இருந்து வேலைக்கு வந்த பையன், ரூம் தேடி அலைஞ்சது ஞாபகம் இருக்கா, போன்ல பேரைக் கேட்டதும் "ஓனர் இந்தியர் வேணாங்கறாங்க"ன்னு ஏஜென்ட் மூஞ்சில அடிச்ச மாதிரி சொன்னாரு. அவன் நம்ம வீட்டு சோஃபாவுல படுத்து அழுதது எனக்கு இன்னும் ஆறல. இதே லாரன்ஸ் வோங் தான், நிதியமைச்சரா இருந்தப்ப 2021ல, இங்க சிறுபான்மையா இருக்கறது கஷ்டம் தான், வாடகை வீடு தேடுறதுலயும் அது தெரியுதுன்னு வெளிப்படையா சொன்னவரு. அதனால தான் அவர் வாயில இருந்து ஒற்றுமைன்னு வந்தா நான் நம்புறேன். வேலையில பாகுபாடு பாக்கக்கூடாதுன்னு 2025 ஜனவரியில பார்லிமென்ட்ல சட்டம் பாஸ் ஆச்சு. ஆனா அது வேலைக்கு மட்டும் தான். வாடகைக்கு அந்த மாதிரி ஒண்ணு வேணும், அது வந்தா தான் அந்தப் பையனும் இந்த "எல்லாரும்"ல சேருவான்.

அடுத்த வாரம் எம்பி மக்களைச் சந்திக்கிற அன்னைக்கு நம்ம புளோக் கீழ போய் இதைச் சொல்லப் போறேன், எதுத்த வீட்டு ஆன்ட்டியும் கூட வரேன்னு சொல்லிருக்காங்க. நீ இங்கிலீஷ்ல ஒரு பக்கத்துக்கு எழுதி வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பு, நான் பிரின்ட் எடுத்துக்கறேன்.

அம்மா