‘மிகையுணர்ச்சி’ என்ற ஒரே சொல் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் ஆங்கிலச் சொற்பகுதியில் சென்ற வாரம் மஷ்ஷி, ஸாப்பி, கார்னி, சீஸி, ஷ்மால்ட்ஸி, மாட்லின், மாக்கிஷ் ஆகிய ஏழையும் பேச்சுவழக்குச் சொற்கள் என்று வரிசைப்படுத்தி, எல்லாவற்றுக்கும் எதிரே ‘மிகையுணர்ச்சியான’ என்று ஒரே பொருளை அச்சிட்டிருந்தீர்கள். பள்ளியில் முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் நடத்தியவன் என்ற முறையில், அதில் ஒரு பிழையையும் ஒரு குறையையும் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

பிழை சிறியதுதான். மாட்லினும் மாக்கிஷும் பேச்சுவழக்கில் புழங்குபவை அல்ல. எழுத்தில், அதுவும் பெரும்பாலும் விமர்சனத்தில் வருபவை. இயேசுவின் சீடரான மகதலா மரியாளின் பெயர் ஆங்கிலேயர் வாயில் மருவி மாட்லின் ஆயிற்று. ஓவியர்கள் அவரைக் கண்ணீரும் கம்பலையுமாக வரைந்ததால், போதை தலைக்கேறித் தன்னிரக்கத்தில் அழுகிறவருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மாக்கிஷ் அதைவிடக் கடுமையானது. புழுவைக் குறித்த பழைய சொல் ஒன்றிலிருந்து வந்தது என்பதால், அதற்குள் ஒரு குமட்டல் எப்போதும் இருக்கிறது.

குறையோ பெரியது. மீதியுள்ள சொற்களில் பெரும்பாலானவை அடுக்களையிலிருந்து வந்தவை. எதனால் திகட்டுகிறது என்பதை ஒவ்வொன்றும் வேறு வேறாகச் சொல்கிறது. மஷ் என்பது அமெரிக்காவில் மக்காச்சோள மாவைக் கொதிக்க வைத்துக் கிண்டுகிற, ஏறக்குறைய நம் களியைப் போன்ற உணவு. ஸாப் என்பது பாலிலோ குழம்பிலோ ஊறிச் சொதசொதத்துப் போன ரொட்டித் துண்டு. அதிலிருந்து வந்த ஸாப்பி பிரிட்டன்காரர்கள் விரும்பிச் சொல்வது. அமெரிக்கர்கள் சொல்லும் ஸேப்பி மரத்தின் சாற்றிலிருந்து பிறந்தது. தமிழெழுத்தில் இரண்டும் இரட்டையர்போலத் தோன்றினாலும் ஒன்றுக்கொன்று உறவில்லை. ஷ்மால்ட்ஸ் யூதர்களின் இத்திஷ் மொழியில் உருக்கிய கோழிக்கொழுப்பு. சீஸியில் உணர்ச்சியைவிட மலிவுத்தனமே தூக்கல். கார்னி 1930-களில் அமெரிக்க இசைக்கலைஞர்களிடையே பரவியது. சோளம் விளைவிக்கும் நாட்டுப்புறத்தானின் ரசனை என்ற ஏளனம் அதில் உண்டு. சோளச்சோறும் கம்பஞ்சோறும் தின்று வளர்ந்த எனக்கு அந்தச் சொல்லை நடத்தும்போதெல்லாம் கொஞ்சம் கோபம் வந்ததுண்டு என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

தங்கள் பட்டியலில் விடுபட்ட சாக்கரின் என்ற சொல்லின் மூதாதை நம் சர்க்கரைதான். சர்க்கரா என்ற வடசொல் கிரேக்கம், இலத்தீன் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. 1879-இல் செயற்கை இனிப்பு ஒன்று கண்டறியப்பட்டு அந்தப் பெயரைப் பெறுவதற்கு முன்பே, பாகாய் வழிகிற பேச்சையும் பாட்டையும் அப்படிச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

தமிழில் இதற்கெல்லாம் தனித்தனிச் சொல் இல்லை என்று யாரேனும் சொன்னால் நான் ஏற்கமாட்டேன். எங்கள் தகப்பனார் கரும்பாலை ஓட்டியவர். பாகு பதத்துக்கு வந்ததா என்று பார்க்க, ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்ப்பார். பதம் தவறி இறக்கிய வெல்லம் அச்சில் நிற்காது. மழைக்காலத்தில் கசிந்து சாக்கை நனைக்கும். கவுந்தப்பாடி வெல்லச் சந்தைக்குக் கொண்டுபோனால் வாங்க வந்தவர் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்திவிட்டு, “இளகிப் போச்சுங்க” என்று ஒரே சொல்லில் விலையைக் குறைத்துவிடுவார். இனிப்பில் குறையிருக்காது; பதந்தான் தவறியிருக்கும். ஸாப்பிக்கும் ஸேப்பிக்கும் இதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியவில்லை. மாட்லினுக்கு எங்கள் பக்கத்து ‘அழுகாச்சி’ இருக்கிறது. ‘பாகாய் வழிவது’, ‘மூக்கைச் சிந்துவது’, ‘ஒப்பாரி வைப்பது’ ஆகியவையும் தத்தம் இடத்தில் பொருந்துபவையே. செண்டிமென்ட் என்ற கடன்சொல்லை மட்டும் இந்த வேலைக்கு அழைக்க வேண்டாம். காலையில் போணியாகும் முன் கடன் கேட்டால், “செண்டிமென்ட் பாக்கறோம்ங்க” என்று ஈரோட்டு ஜவுளிக்கடையில் சொல்கிற பொருளுக்கு அது எப்போதோ இடம்பெயர்ந்துவிட்டது.

மொழிபெயர்ப்பில் இன்னொரு கவனமும் தேவை. வெல்லம் இளகுவது குற்றம் என்றாலும் மனம் இளகுவதைத் தமிழ் குற்றமாகச் சொன்னதில்லை. ‘காதலாகிக் கசிந்து கண்ணீர் மல்கி’ என்று சம்பந்தர் பாடிய மொழி இது. அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடும்போது, பொன்னரும் சங்கரும் மடிகிற கட்டத்தில் கேட்பவர்கள் தேம்பி அழுவதையும், அவர்கள் மடிந்ததை நடித்துக்காட்டும் படுகளச் சடங்கில் ஆட்கள் நினைவிழந்து விழுவதையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அங்கே யாரும் அதை மிகை என்பதில்லை. ஆனால், போன தை மாதம் எங்கள் உறம்பரை வீட்டுக் கல்யாணத்தில், இணைச்சீர்ச் சடங்கு நடக்கும்போது மாப்பிள்ளையின் அக்கா கூறைச்சேலைக் கூடையைப் பிடித்துக்கொண்டு விசும்பியதைப் பார்த்து, என் மகள்வழிப் பேத்தி என் காதருகே, “அப்பச்சி, இதெல்லாம் ரொம்ப கிரிஞ்சுங்க” என்றாள். மற்ற சொற்களெல்லாம் பண்டத்தின் மேல் குறை சொல்கின்றன. கிரிஞ்ச் மட்டும் பார்க்கிறவரின் கூச்சத்தைச் சொல்கிறது. அந்த அக்காவுக்குப் பத்து வயதில் தாய் இறந்துபோக, அந்தத் தம்பியைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான் என்று பேத்திக்குச் சொன்னேன். அவள் கைப்பேசியைக் கீழே வைத்தாள், வேறொன்றும் சொல்லவில்லை.

ஆகவே அடுத்த முறை இந்தச் சொற்களைத் தனித்தனியாகப் பிரித்து, உணர்ச்சி பொய்யா அல்லது அதைச் சொல்கிற பதம் தவறியதா என்ற வேறுபாட்டையும் காட்டி வெளியிட வேண்டுகிறேன். அதே பட்டியல் வெளியான பக்கத்தின் எதிர்ப்புறத்தில் ‘உருக்கம்’ என்ற சொல் மூன்று தலைப்புகளில் இருந்தது. அவற்றில் ஒன்று, சாலை வரி பற்றிய பேட்டி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
கோபிசெட்டிபாளையம் வட்டம்.