எங்கள் மகளின் சிகிச்சையில் துணைநின்ற அனைவருக்கும் நன்றி மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்கள், குருதிக்கொடையாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் மகளுக்கு இரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சை முழுமையாக முடிந்து, நோயின் சுவடு தென்படவில்லை என்று மருத்துவர் சொல்லியிருக்கும் இவ்வேளையில், உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

அவளுக்குச் செலுத்தப்பட்ட மருந்துகளுள் ஒன்றான வின்கிறிஸ்டின், நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பெறப்படும் ஆல்கலாய்டு; அதாவது, செடியில் இயற்கையாக உருவாகும் ஒரு வகை வேதிப்பொருள். அது தெரிந்ததும், அந்த இலையை அரைத்துக் கொடுத்தால் போதாதா என்று உறவினர் சிலர் கேட்டனர். செடியில் அந்தப் பொருள் மிகமிகச் சொற்பம் என்றும், அதனுடன் நச்சுத்தன்மையுள்ள வேறு பல ஆல்கலாய்டுகளும் கலந்திருப்பதால் சாறாகக் குடிப்பது ஆபத்து என்றும், பிரித்தெடுத்துத் தூய்மையாக்கி உடற்பரப்பின் அளவுக்கேற்பக் கணக்கிட்டால்தான் அது மருந்து என்றும் பொறுமையாக விளக்கிய மருத்துவருக்கு நாங்கள் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம். புற்றணு இரண்டாகப் பிரிவதற்குத் தேவையான நுண்குழல்கள் உருவாகாதபடி இம்மருந்து அக்குழல்களை ஆக்கும் டியூபுலின் என்ற புரதத்தைப் பற்றிக்கொள்கிறது என்பதையும் படம் வரைந்து காட்டினார்.

இந்த வழியைத் திறந்தவர்களையும் இங்கே நினைக்கிறோம். நீரிழிவுக்கு உதவுமா என்று பார்ப்பதற்காக ஜமைக்காவிலிருந்து வந்த இச்செடியின் இலைகளைக் கனடாவில் ஆராய்ந்த ராபர்ட் நோபிள், அச்சாறு எலிகளின் வெள்ளையணுக்களைக் குறைப்பதைக் கண்டார். அந்தக் கவனிப்பைக் கைவிடாமல் அவரும் சார்லஸ் பீரும் இதே செடியிலுள்ள மற்றொரு புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்து 1958இல் அறிவித்தனர். வின்கிறிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

மருந்தாளுநர்களின் விழிப்பை நாங்கள் அருகிலிருந்தே கண்டோம். சிரை வழியாக மட்டுமே செலுத்த வேண்டிய இம்மருந்து தவறுதலாகத் தண்டுவட நீரில் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால், அதைச் சிரிஞ்சில் தராமல் சிறிய பையில் கலந்து, எச்சரிக்கை ஒட்டி அனுப்பினார்கள். சிரைக்கு வெளியே ஒரு துளி கசிந்தாலும் தசை புண்ணாகிவிடும் என்று, மருந்து இறங்கி முடியும்வரை செவிலியர்கள் அவள் கையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. இம்மருந்தின் பக்கவிளைவாக நரம்புகள் பாதிக்கப்பட்டு அவளது பாதம் தளர்ந்தபோது இயன்முறை மருத்துவர் அளித்த பயிற்சியால் நடை சீரடைந்தது.

இரத்தமும் தட்டணுக்களும் அளித்த, பெயரறியாத கொடையாளர்களுக்கும் எங்கள் உளமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
அவளுடைய பெற்றோர்