என் மகனுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை தலைமையாசிரியை அம்மா போன் செய்து, "ஆர்டர் வந்துட்டும்மா, வந்து பாரு" என்றார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில், எழுதப் படிக்கத் தடுமாறும் என் மகனுக்கு ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுதுபவர் ஒருவர், ஆங்கிலப் பாடத்துக்கு விலக்கு. அந்தத் தாளை வாங்கிக்கொண்டு பள்ளி வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டேன். உங்கள் எல்லோரிடமும் நேரில் சொன்னேன்தான், ஆனாலும் மனசு அடங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஆறாம் வகுப்புத் தமிழ் டீச்சர். அதற்கு முன் படித்த பள்ளியில் ஐந்து வருஷமும் புகார்தான். சோம்பேறி, கவனம் இல்லை, வீட்டில் யாரும் பார்ப்பதில்லை. கடைசியில் டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். நானும் அதை நம்பி அவனை அடித்திருக்கிறேன். நீங்கள்தான் டீச்சர், அவன் நோட்டை விரித்து ஒரே ஒரு சொல்லைக் காட்டினீர்கள். 'கொக்கு' என்று எழுத வேண்டிய இடம். ஒரு வரியில் 'கெக்கு', அடுத்ததில் 'காக்கு', அதற்கும் கீழே கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்க் கிடந்தது. "கொக்கைப் பத்திக் கேட்டா பத்து நிமிஷம் பேசுறான்மா. வயல்ல எப்போ வரும், எப்படிக் காத்து நிக்கும், எல்லாம் தெரியுது. எழுத்துதான் பிடிபட மாட்டேங்குது. இவன் சோம்பேறி இல்ல" என்றீர்கள். டிஸ்லெக்சியா, அதாவது அறிவில் குறை இல்லாமலே எழுதப் படிக்கத் தடுமாற வைக்கும் கற்றல் குறைபாடு, அந்தச் சொல்லையே அன்றுதான் கேள்விப்பட்டேன்.

வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர் தம்பிக்கு எப்படி நன்றி சொல்வது? தாம்பாளத்தில் ரவையைப் பரப்பி, அவன் விரலைப் பிடித்து எழுத வைத்தீர்கள். முதலில் 'க'. வாயால் 'கொ' என்று சொல்லிக்கொண்டே முன்னால் கொம்பு, பின்னால் கால். நோட்டில் கொம்புக்குச் சிவப்புப் பேனா, காலுக்குப் பச்சை. காதில் கடைசியாக விழும் ஒலிக்கு எழுத்தின் முன்னால் ஒரு கொம்பு போட வேண்டியிருக்கிறதே, அது ஒரு பிள்ளையை எவ்வளவு குழப்பும் என்று நாற்பது வயதில்தான் எனக்குப் புரிந்தது. அது அவன் கைக்குப் பழக ஏழு மாதம் ஆனது. ஒரு நாள்கூட நீங்கள் முகம் சுளிக்கவில்லை.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை ஜெராக்ஸ் எடுத்துத் தந்ததும் நீங்கள்தான். அதில் சொல்லியிருக்கும் 21 வகைக் குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. 17ஆவது பிரிவில் கூடுதல் நேரம், எழுதித் தர ஆள், மொழிப்பாட விலக்கு எல்லாம் இருக்கிறது. அந்த வரிகளை அடிக்கோடிட்டு, "கெஞ்ச வேண்டாம்க்கா, இதைக் காட்டிக் கேளுங்க" என்றீர்கள். அதுவரை எந்த ஆபீஸ் வாசலிலும் நான் கையைப் பிசைந்துகொண்டுதான் நின்றிருக்கிறேன்.

பெரியாஸ்பத்திரி உளவியலாளர் மேடம், இரண்டு நாள் வரச் சொல்லி நிதானமாகச் சோதித்தீர்கள். அவன் அறிவுக்கு ஒரு குறையும் இல்லை என்பதை என்னிடம் சொல்லும் முன் அவனிடம் சொன்னீர்களே, அதை நான் மறக்க மாட்டேன். சான்றிதழ் வாங்கப் போன இடத்தில், பேர்கூடத் தெரியாத ஒரு ஊழியர் அண்ணன், "பதினாலு வயசுல மறுபடி சோதிச்சுப் புதுசா வாங்கணும்மா, பத்தாம் வகுப்பு நேரத்துல அலைய வேண்டியிருக்கும், இப்பவே குறிச்சு வச்சுக்கோங்க" என்றார். அவர் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் கடைசி நேரத்தில் தவித்திருப்போம். பிள்ளைக்காக இப்படி அலையும் மற்ற அம்மாக்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் வகுப்பிலேயே காகிதங்களைத் தயார் செய்துவிடுங்கள்.

தலைமையாசிரியை அம்மா, விண்ணப்பத்தை அனுப்பியதோடு நீங்கள் நிற்கவில்லை. எழுதுபவர் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், பிள்ளை கடகடவென்று சொல்லிவிடுவான் என்று நான் நினைத்திருந்தேன். அரையாண்டுத் தேர்வில் ஆள் வைத்துப் பார்த்தபோது முதல் அரை மணி நேரம் அவன் வாயே திறக்கவில்லையாம். அப்புறம் தினமும் சாயங்காலம் பயிற்சி ஆசிரியை ஒருவரை உட்கார வைத்துப் பழக்கினீர்கள். விடையை முதலில் மனசுக்குள் கோத்துக்கொள்வது, மெதுவாகச் சொல்வது, 'இங்க முற்றுப்புள்ளி, அடுத்த பத்தி' என்று சொல்வது, எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்பது என்று ஒவ்வொன்றாக. அந்தப் பயிற்சி ஆசிரியைக்கும், நெல்லைக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டு வரை காசு வாங்காமல் கொண்டுவிட்ட ஆட்டோ அண்ணனுக்கும் என் நன்றி.

தமிழ் டீச்சர், கடைசியாக உங்களுக்கு ஒரு சேதி. தமிழ், ஆங்கிலம் இரண்டில் எதற்கு விலக்கு வேண்டும் என்று கேட்டபோது, தமிழை விட மாட்டேன் என்று சொல்லிவிட்டான். முதல் தேர்வே தமிழ்தான். அன்று காலை நீங்கள் பள்ளி வாசலுக்கு ஒரு எட்டு வந்துவிட்டுப் போக முடியுமா என்று கேட்கச் சொன்னான்.

அன்புடன்,
அவன் அம்மா,
அம்பாசமுத்திரம்