டேப்பைப் பிரித்ததும் முதலில் குழாயைப் பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

சைக்கிளில் கொஞ்ச தூரம் போனாலே மோதிரவிரலும் சுண்டுவிரலும் மரத்துப்போகிறது என்று போனில் சொன்னாய். பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டாய். எனக்கு அதுவே மனதில் நிற்கிறது.

அந்த இரண்டு விரலுக்கும் போகிற நரம்பு, உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கமாக, மணிக்கட்டை ஒட்டி ஓடுகிறது. குனிந்து ஓட்டும்போது உடம்பின் பாரம் அங்கேதான் இறங்கும். ஹேண்டில்பாரில் பிடிக்காகச் சுற்றியிருக்கிற டேப் நைந்து தட்டையாகிவிட்டால் சாலையின் அதிர்வும் நேராக அங்கேயே போய் இடிக்கும். போன முறை நீ அனுப்பிய படத்தில் உன் டேப் பளபளவென்று தேய்ந்திருந்ததைப் பார்த்தேன். மாற்றிவிடு. சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருக்கிறதா என்றும் பார், அதுவும் பாரத்தைக் கைக்குத் தள்ளும். வண்டியை விட்டு இறங்கிய பிறகும் விரல் மரத்தே இருந்தால் டாக்டரிடம் போ. தள்ளிப்போடாதே.

கடையில் கொடுத்தால் மாற்றித் தருவார்கள், தெரியும். ஆனால் இந்த ஒரு வேலையை நீயே செய்ய வேண்டும் என்று கேட்கிறேன். டேப்புக்கு உள்ளே இருக்கிற ஹேண்டில்பார் குழாயை நீ உன் கண்ணால் பார்க்க வேண்டும், அதற்காகத்தான். வியர்வையின் உப்பு டேப்புக்கு அடியில் தங்கி அலுமினியத்தை மெல்ல அரிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது.

பழையதைப் பிரித்ததும் நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பார். வெள்ளையாகப் பூத்திருந்தால் துடைத்துவிட்டு மறுபடி பார். அதற்கடியில் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருந்தால் அந்த ஹேண்டில்பார் வேண்டாம். பிரேக் லீவரின் பட்டை கவ்வுகிற இடம், ஹேண்டில்பாரை நடுவில் வண்டியோடு சேர்க்கிற ஸ்டெம் பிடிக்கிற ஓரம், இந்த இரண்டிலும் நகத்தை ஓட்டிப் பார். மயிரிழை மாதிரி ஒரு கோடு நகத்தில் தட்டினால் அதற்கு மேல் அந்த வண்டியில் ஏறாதே. கார்பன் குழாயாக இருந்தால் டேப்பைக் கத்தியால் கீறி எடுக்கவே கூடாது, சுற்றிச் சுற்றி அவிழ்த்துத்தான் எடுக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தால் ஸ்பிரிட்டால் பசையைத் துடைத்து, கேபிள்களை இன்சுலேஷன் டேப்பால் குழாயோடு ஒட்டிக் கட்டு. புது டேப் இரண்டரை, மூன்று மில்லிமீட்டர் தடிமனில் வாங்கு. அதற்கு மேல் போனால் மெத்தென்று இருக்கும், ஆனால் உன் சின்னக் கைக்குப் பிடி கொள்ளாது.

வளைந்து கீழே இறங்குகிற குழாயின் கீழ்முனையிலிருந்து மேல்நோக்கிச் சுற்று. மேலிருந்து ஆரம்பித்தால் கை தள்ளத் தள்ள ஓரங்கள் சுருண்டு எழும்பிவிடும். முனையில் பாதி அகலத்தை வெளியே விடு, அதைக் குழாய்க்குள் மடித்துத்தான் முனையை மூடுகிற பிளக்கை அடிக்க வேண்டும். திசையும் முக்கியம். கீழ்ப்பிடியில் கை வெளிப்பக்கமாக முறுக்கும். அதனால் டேப்பும் குழாயின் மேலாக உள்ளிருந்து வெளியே போகட்டும். சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் வலது பக்கம் கடிகாரச் சுற்று, இடது பக்கம் அதற்கு எதிர். அப்போதுதான் பிடிக்கப் பிடிக்க இறுகும்.

லேசாக நீள்கிற அளவுக்கு இழுத்து, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் மூன்றில் ஒரு பங்காவது ஏறும்படி கொண்டு போ. வளைவு வரும்போது நிதானம் வேண்டும். வளைவின் உட்பக்கம் டேப் ஒன்றின்மேல் ஒன்று குவியும், வெளிப்பக்கம் விலகும். இடைவெளி எப்போதும் வெளிப்பக்கத்தில்தான் விழும், கண்ணை அங்கேயே வை. லீவருக்கு வந்ததும் அதன் மேல் உறையாக இருக்கிற ரப்பர் ஹூடை மடக்கிவிட்டு, பட்டையின் மேல் ஒரு சின்னத் துண்டு டேப்பை வைத்துக்கொண்டு, கீழே ஒரு சுற்று, அப்புறம் மேலே ஏறி ஒரு சுற்று. ஹூடை இறக்கிப் பார்த்தால் குழாய் எங்கேயும் தெரியக் கூடாது. தெரிந்தால் இரண்டு மூன்று சுற்று அவிழ்த்துத் திரும்பச் சுற்று. அலுக்காதே, இந்த இடத்தில் எல்லோருக்கும் அவிழ்க்க வேண்டி வரும்.

ஸ்டெம் பக்கம் முடிக்கும்போது நுனியைச் சாய்வாக வெட்டி இன்சுலேஷன் டேப்பால் இறுக்கு. அப்புறம் பிளக். அதை அழகுக்கு என்று நினைக்காதே. விழுந்தால் திறந்த குழாய் முனை உடம்பில் குத்தி ஏறிவிடும். பந்தயங்களில் பிளக் இல்லாத வண்டியை விடவே மாட்டார்கள். விரலால் இழுத்தால் வரக் கூடாது. வந்தால் உள்ளே மடிக்கிற டேப்பை இன்னும் கொஞ்சம் கூட்டி அடி.

சுற்றுவதற்கு முன்னால், வெறும் குழாயை லீவர் பக்கமும் ஸ்டெம் பக்கமும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பு. நானும் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை புது டேப்பைப் பிரிக்காதே.

அன்புடன்,
அம்மா