படகுக்கு நேரம் போடாதே

அன்புள்ள தம்பி,

டிசம்பர் பயணத்துக்கு நீ போட்ட அட்டவணை வந்து சேர்ந்தது. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தாள். “9.40 சாங்கி படகு, 9.50 புலாவ் உபின் தீவு” என்ற வரியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெர்த்துக்குப் போய் இத்தனை ஆண்டுகளில் உனக்குச் சிங்கப்பூர் மறந்துபோயிற்று.

போன சனிக்கிழமை மாமாவிடம் காரை இரவல் வாங்கிக்கொண்டு நாங்களே ஒரு நடை போய்ப் பார்த்தோம். விரைவுச்சாலையை விட்டுக் கடலோரமாகவே ஓட்டினேன். சிறுவயதில் நீ விமானங்களை எண்ணிக்கொண்டு வருவாயே, அந்த நீண்ட நேர்சாலை இப்போது இல்லை. விமான நிலைய விரிவாக்கத்துக்காக அதை மூடிவிட்டு, வளைந்து போகிற வேறு சாலை போட்டிருக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். ஆனால் சாங்கி கடற்கரைப் பூங்காப் பக்கம் திரும்பியதும் மரங்களுக்கு நடுவே கடல் தெரிந்தது, கோபம் தணிந்தது.

படகுத்துறையில் வழக்கம் மாறவில்லை. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் படகு கிளம்பும், ஆளுக்கு 4 வெள்ளி. எங்களோடு சேர்த்துப் பதினோரு பேர். படகோட்டி விரலால் எண்ணிப் பார்த்துவிட்டு மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். குறையும் ஒருவருக்கு நானே காசு கொடுத்துவிடுகிறேன் என்று எழுந்தேன். “என்ன அவசரம்? கடலைப் பாருங்கள்” என்று அம்மா சட்டையைப் பிடித்து இழுத்தாள். பிறகு பையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தாள். சைக்கிளோடு வந்த சீனப் பையன்கள் நால்வர், ஒரு பிலிப்பினோ குடும்பம், எல்லாருக்கும் ஆளுக்கொன்று. படகோட்டிக்கு மட்டும் இரண்டு. அவர் ஒன்றைக் கடித்துவிட்டு, மற்றதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பன்னிரண்டாவது ஆளாக ஒரு மலாய்ப் பாட்டி வந்தார், புது மின்சோற்றுப்பானையை அட்டைப்பெட்டியோடு அணைத்துக்கொண்டு. அதற்குள் பொட்டலம் காலி. போய்ச் சேரும் பத்து நிமிடமும் அம்மா அவர் முகத்தைப் பார்க்கவே கூசினாள்.

நேரம் பார்த்தே தீருவேன் என்றால் கடல் வற்றும் நேரத்தைப் பார். தீவின் கிழக்குக் கோடியில் இருக்கிற செக் ஜாவாவில் நீர் நன்றாக வற்றினால்தான் சேற்றுப்படுகையும் கடற்புல்லும் வெளியே தெரியும். பேரனுக்கு நண்டு காட்டலாம். 2001ஆம் ஆண்டு அந்த இடத்தை மண் கொட்டித் தூர்க்க இருந்தார்கள். அங்கே இருக்கும் உயிர்களைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக மக்கள் போனபிறகுதான் அதை ஒத்திவைத்தார்கள். பக்கத்தில் 1930களில் கட்டிய ஆங்கிலேய பாணி வீடு ஒன்று இருக்கிறது. அதற்குள் குளிர்காயும் அடுப்பு! இந்த வெயிலில் யார் குளிர்காய்ந்தார்களோ.

டிசம்பரில் மழை பிடித்துக்கொள்ளும், குடை எடுத்துவா. சில்லறையும் வைத்துக்கொள். அந்த இரண்டு நேரங்களையும் அடித்துவிட்டு அட்டவணையை மறுபடி அனுப்பு. எந்த நாள் என்று மட்டும் தெரிந்தால் போதுமாம், முந்தின நாள் அம்மா முறுக்குச் சுட வேண்டும். இந்த முறை இருபதுக்குக் குறையாமல் சுடுவாளாம்.

அன்புடன்,
அப்பா